பதினாலு குளிகைக்கு மேலே

தங்கபாண்டிக்குச் சொந்த ஊர் வீரவநல்லூர். அவனுடைய அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். அதில் நடு அத்தையைக் கல்லிடைக்குறிச்சியில் கொடுத்திருந்தது. அந்த அத்தையின் கொழுந்தனார் திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு நாலு கடை தள்ளி, ஒரு பாத்திரக் கடையில் வேலைக்கு நின்றார். அந்த ஒற்றை நூலைப் பிடித்துக்கொண்டு தங்கபாண்டி பதினேழு வயதில் வந்து சேர்ந்தான். கொழுந்தனார் முட்டுவலி தாங்காமல் மூன்றே வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். இவன் நின்றுவிட்டான். இப்போது இவனுக்கு முப்பத்தெட்டு.

கடை வெங்கடகிருஷ்ணனுடையது. கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் அவருக்கு வீடு. அவர் கல்லாவில் உட்காருவார். சரக்கெல்லாம் தங்கபாண்டியின் கையில். ஒரு செம்பையோ உருளியையோ விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இது சுத்தச் செம்பு, இது பித்தளை, இது வெண்கலம், இதில் பழைய தகரம் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். வாங்க வருகிற பெண்களிடம் அவன் ஒரு பாடம் வைத்திருந்தான்.

"செம்பு தனியா இருந்தா வளையும்மா. அதுல துத்தநாகம் சேந்தாத்தான் பித்தளை. விறைப்பு குடுக்கிறது துத்தநாகம்தான். பிள்ளைக்கு எலும்பு மாதிரி."

கடைசி வார்த்தை வெங்கடகிருஷ்ணன் சொல்லிக் கொடுத்தது இல்லை. அவனே சேர்த்துக்கொண்டது. அதுதான் பிறகு வினையாயிற்று.

அவன் மனைவி பெயர் வடிவம்மாள். அவள் அப்பாவின் ஆத்தாள் பெயர் அது, வீட்டில் வடிவு. தங்கபாண்டியின் தாய்மாமனுக்கு வாழ்க்கைப்பட்டவளின் தம்பி மகள். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அனுஷா என்று பெயரிட்டார்கள். பிறக்கும்போது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். அதற்குப் பிறகும் அங்கன்வாடியில் எடை போடும் நாளில் அவள் கோடு எப்போதும் மற்றப் பிள்ளைகளின் கோட்டுக்குக் கீழேயே ஓடும். மணக்காட்டில் அவர்கள் இருந்த வரிசை வீட்டில் ஒருத்தி, "பாண்டியண்ணே, ஒங்க கடை டம்ளருல ஒளிச்சு வைக்கலாம் போலிருக்கே பிள்ளைய" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். அவனுக்கு அது முள்ளாகத் தைத்துக்கொண்டது.

அனுஷாவுக்கு இரண்டரை வயது நடந்தபோது, ஆற்றுக்கால் பொங்காலை முடிந்த வாரம், வயிற்றுப்போக்கு கண்டது. ஐந்து நாள் துணி துவைத்து மாளவில்லை. பிள்ளையின் கண் குழிந்துபோயிற்று. அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் வீடு வீடாகப் போகிற ஆஷா வேலை பார்க்கிற ஜெயஷீலா வீடு தேடி வந்தாள். அவள் ஆட்கள் பாறசாலைப் பக்கம். சர்ச்சிலும் வீட்டிலும் தமிழ்தான். உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலங்களையும், ஒரு அட்டை மாத்திரையையும் கொடுத்தாள்.

"அண்ணே, இந்தப் பொடிய ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி அப்பப்ப குடுங்க. இந்தக் குளிகை ஒரு நாளைக்கு ஒண்ணு, ஸ்பூன்ல கரைச்சு. பதினாலு நாள். வயித்தால போறது நின்னாலும் நிறுத்தண்டாம். பதினாலு முடிஞ்சா பின்னே வேண்டாம், கேட்டியளா."

"இது என்ன குளிகை?"

"சிங்க். குடல் ஆறதுக்கு. மறுபடியும் சீக்கிரத்துல சீக்கு வராம இருக்கதுக்கும்."

"சிங்க்னா துத்தநாகம்தானே?"

"அட, ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பித்தளைக்குள்ள இருக்கிறது எனக்குத் தெரியாதா?" என்றான் தங்கபாண்டி. அன்றைக்கு அவனுக்குப் பெருமை தாளவில்லை.

மூன்றாம் நாளே போக்கு நின்றது. பத்தாம் நாள் அனுஷா ஒரு முழு தோசையைத் தின்றாள். பதிமூன்றாம் நாள் இரண்டாவது தோசைக்குத் தட்டை நீட்டினாள். பிறந்த நாளிலிருந்து அவள் கேட்டு வாங்கித் தின்று அவன் பார்த்ததில்லை. பதினைந்தாம் நாள் அவன் ஜெயஷீலாவைத் தேடிப் போய் இன்னொரு அட்டை கேட்டான்.

"இல்லண்ணே. பதினாலுதான் கணக்கு. பின்னே சோறு, பயறு, முட்டை. அதுல உள்ளது போதும்."

வடிவும் பக்கத்தில் நின்றாள். "கேட்டாச்சா? வாங்க போலாம்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

தங்கபாண்டிக்கு மனம் ஆறவில்லை. பதினாலு நாளில் இவ்வளவு என்றால் ஒரு வருஷத்தில் எவ்வளவு என்று கூட்டிப் பார்த்தான். மருந்துக் கடைக்குப் போய் சிங்க் என்று கேட்டான். குழந்தைகளுக்கான சிரப் ஒரு குப்பி கிடைத்தது. ஆரஞ்சு வாசனை, இனிப்பு. வடிவு தம்பானூரில் ஒரு ஹோட்டலில் காய்கறி நறுக்கும் வேலைக்கு விடிகாலை ஐந்தரைக்கே போய்விடுவாள். திரும்ப மதியம் இரண்டு ஆகும். பிள்ளையைக் குளிப்பாட்டி, ஊட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டுக் கடை திறப்பது இவன் பாடு. குப்பி கடைப் பையிலேயே இருந்தது. காலையில் ஒரு ஸ்பூன்.

பிள்ளை மறைக்கவில்லை. "அம்மா, நான் ஆரஞ்சு குடிச்சேன்" என்று தினமும் சொன்னாள். வடிவு மிட்டாய் என்று நினைத்துக்கொண்டாள். "பல்லு சொத்தையாப் போவும், சொல்லிட்டேன்" என்று புருஷனைத்தான் ஏசினாள். அவன் சிரித்து மழுப்பினான். முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு நாளும் அடுத்த நாள் சொல்வதைக் கடினமாக்கிற்று.

சித்திரையில் ஒரு ஸ்பூன் இரண்டாயிற்று. மழைக்காலத்தில் சளி பிடித்தது, மூன்றாக்கினான். மாதம் நாலு குப்பிக்கு மேல் ஓடிற்று.

ஓணம் கழிந்த பிறகு பிள்ளைக்கு நிறம் மாறத் தொடங்கியது. உதடு வெளுத்தது. வாய்க்குள் புண் வந்து, ஆறி, மறுபடி வந்தது. வாரத்துக்கு ஒரு காய்ச்சல். நாலு படி ஏறினால் உட்கார்ந்துகொள்வாள். பக்கத்துக் கிளினிக்கில் ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து மருந்து எழுதினார்கள். வடிவு இரண்டு மாதம் நாள் தவறாமல் கொடுத்தாள். மருந்தினால் மலம்தான் கறுத்தது, முகத்து வெளுப்பு மாறவில்லை. தங்கபாண்டியோ, நம் துத்தநாகம் இல்லாவிட்டால் பிள்ளை இந்நேரம் என்ன ஆகியிருக்குமோ என்று நினைத்தான். குப்பியை நிறுத்த அவனுக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாவது தடவை ரத்தம் எடுத்தபோது சிவப்பணு மட்டுமல்ல, வெள்ளணுவும் குறைந்திருந்தது. கிளினிக் டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். "இன்னைக்கே போங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் அந்த வார்டைப் பார்த்தது ரெனி என்கிற இளம் டாக்டர். களியக்காவிளைக்காரி, தமிழில் பேசினாள். சேர்த்த அன்றே கேட்டாள்: "பிள்ளைக்கு என்னென்ன மருந்து குடுத்திய?"

வடிவு சொன்னாள்: "இரும்பு மருந்து. காய்ச்சல் வந்தா காய்ச்சல் மருந்து. வேற ஒண்ணும் இல்ல."

ரெனி தங்கபாண்டியைப் பார்த்தாள். அவனும் இல்லை என்று தலையை ஆட்டினான். பொய் சொன்னதாக அவனுக்கு முழுசாகப் படவில்லை. துத்தநாகம் அவன் மனசில் மருந்துக் கணக்கில் இல்லை. பயறு, முட்டை மாதிரிச் சத்துக் கணக்கில் இருந்தது. ஆனால் வடிவு பக்கத்தில் இல்லாதிருந்தால் வாய் திறந்திருப்பான் என்பதும் உண்மை.

மறுநாள் பெரிய டாக்டர் வந்து பார்த்தார். மலையாளத்திலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டார்கள். வடிவுக்கு ஹோட்டலில் பழகின மலையாளம் நன்றாகவே வரும். ரத்தப் புற்று என்கிற சொல்லைக் கேட்டவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரெனி அவள் தோளைத் தொட்டாள்.

"பயப்படண்டாம் அக்கா. அப்படி இருக்குமோன்னு ஒரு சந்தேகம்தான். இல்லைன்னு தெரியணும்னாலும் பாக்கத்தானே வேணும். நாளைக்குக் காலையில மயக்கம் குடுத்து, இடுப்பெலும்புல ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துப் பாக்கணும்."

மயக்கம் கொடுப்பதால் விடிகாலையிலிருந்து பிள்ளைக்கு ஆகாரம், தண்ணீர் எதுவும் கூடாது என்று நர்ஸ் சாயங்காலம் வந்து சொன்னாள். வடிவிடம் சொன்னாள். தங்கபாண்டி அப்போது கடைக்கு லீவு சொல்லப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வடிவு அழுது ஓய்ந்து படுத்திருந்தாள். சொல்ல மறந்துவிட்டாள்.

காலை ஆறு மணிக்கு வடிவு முகம் கழுவப் போனாள். அனுஷா தாகம் என்று சிணுங்கினாள். தங்கபாண்டி பையைத் திறந்தான். இடுப்பெலும்பில் ஊசி என்று கேட்டதிலிருந்து அவனுக்கு ஒரே நினைப்பு: எலும்புக்கு விறைப்பு வேண்டும். மூன்று ஸ்பூன் கொடுத்து, இரண்டு வாய் தண்ணீரும் கொடுத்தான். பிள்ளை உதட்டை நக்கிக்கொண்டு தூங்கிப்போனாள்.

எட்டு மணிக்கு நர்ஸ் காகிதத்தோடு வந்தாள். "அச்சன் இவிட ஒப்பு இடணம்" என்று கையெழுத்துப் போடப் பேனாவை அவன் கையில் கொடுத்துவிட்டு, வடிவைப் பார்த்துக் கேட்டாள்: "வெறும் வயிறாணல்லோ? தண்ணிகூட இல்லல்லோ?"

"ஒண்ணும் குடுக்கல சிஸ்டர்."

"எதாவது இருந்தா இப்பவே சொல்லணும். மயக்கத்துல சர்தில், வாந்தி வந்தா நெஞ்சுக்குள்ள போயி மூச்சு அடைக்கும்."

தங்கபாண்டியின் கையில் பேனா நின்றது. எழுதத் தெரியாதவன் இல்லை. தன் பெயரைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுவான். முதல் எழுத்தைப் போட்டான். அடுத்த எழுத்து ஓடவில்லை. பிள்ளையின் வாயோரத்தில் ஆரஞ்சு நிறம் லேசாக ஒட்டியிருந்தது. வடிவு அதைப் பார்க்கவில்லை, அவன் பார்த்தான். துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. துடைத்தால் பிள்ளை போய்விடும்.

"சிஸ்டர், நான் குடுத்தேன்."

வடிவு திரும்பினாள். "என்னத்த குடுத்திய?"

"மூணு ஸ்பூன். ஆறு மணிக்கு. பொறவு தண்ணி."

"எதுல மூணு ஸ்பூன்?"

அவன் பையிலிருந்து குப்பியை எடுத்துக் கட்டிலில் வைத்தான். நர்ஸ் காகிதத்தை மடித்துக்கொண்டு போய் ரெனியைக் கூட்டி வந்தாள். ரெனி குப்பியைத் திருப்பிப் பெயரைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"இது எத்தன நாளா குடுக்கிய?"

"பத்து மாசம் இருக்கும்."

"தினமுமா? மூணு ஸ்பூனா?"

"மொதல்ல ஒண்ணு. பொறவு ரெண்டு. பொறவுதான் மூணு."

"யாரு எழுதித் தந்தது?"

"யாரும் இல்ல டாக்டர். துத்தநாகம்தானேன்னு... பித்தளைக்கு விறைப்பு குடுக்கிறதே துத்தநாகம்தானே. நான் பாத்திரக் கடையில நிக்கிறவன்."

ரெனி கோபப்படவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப நீங்களே சொல்லுங்க. பித்தளைல செம்பு எத்தன பங்கு?"

"மூணுல ரெண்டு பங்கு."

"செம்ப எடுத்துட்டு வெறும் துத்தநாகத்தையே ஊத்திட்டிருந்தா அது பித்தளை ஆகுமா?"

"ஆகாது" என்றான்.

"உடம்புக்கும் செம்பு வேணும், கேட்டியளா. துளிதான் வேணும், ஆனா வேணும். தின்ன இரும்ப எடுத்து ரத்தமாக்கதுக்கு செம்பு இருக்கணும். வெள்ளணு உண்டாகதுக்கும் இருக்கணும். துத்தநாகமும் நல்லதுதான். வயித்தால போற பிள்ளைக்கு பதினாலு நாள் குடுக்கது நாங்க சொல்றதுதான். ஆனா அளவு மீறிக் குடுத்தா குடலு செம்ப உள்ள விடாது; பிடிச்சு வச்சு மலத்தோட தள்ளிடும். ரெண்டு மாசம் இரும்பு குடுத்தும் ஏறலைன்னு சொன்னியளே அக்கா, அதுக்குக் காரணம் இதா இருக்கலாம்."

"அப்ப அந்த மத்தது இல்லியா?" என்றாள் வடிவு.

"இப்பவே அப்படிச் சொல்ல மாட்டேன். ரத்தத்துல செம்பும் துத்தநாகமும் எவ்வளவுன்னு அளந்து பாக்கணும். வெளியில அனுப்பணும், ஆறு நாள் ஆகும். பெரிய டாக்டர்ட்ட பேசிட்டு வாரேன். இன்னைக்கு எப்படியும் மயக்கம் குடுக்க முடியாது."

அவள் போனதும் வடிவு குப்பியை எடுத்து மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"ஆரஞ்சு" என்றாள். "மிட்டாய்னு நெனச்சு ஏசிட்டிருந்தேனே நான், பைத்தியக்காரி."

"வடிவு..."

"ஜெயஷீலா அக்கா பதினாலுன்னு சொன்னது ஒம்ம காதுல விழலியா? நானும் பக்கத்துல நின்னேன்ல? பித்தளை வித்து வித்து ஒமக்கு மண்டையும் பித்தளையாப் போச்சா? எந் தலையில மண்ணள்ளிப் போடத்தான் பத்து மாசமா பையில தூக்கிட்டு அலைஞ்சீரா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தலை நிமிரவில்லை. நீங்க என்றே கூப்பிட்டுப் பழகியவள் அன்றைக்கு நீர் என்று இறங்கியதை அவன் கவனித்தான். அதற்குப் பிறகு அவள் ஏசவும் இல்லை. பேச்சே இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் பிள்ளையிடம் சொல்வாள்: "ஒங்கப்பாட்ட வெந்நி வாங்கிட்டு வரச் சொல்லு." பிள்ளை அவன் முகத்தைப் பார்த்து, "அப்பா, வெந்நி" என்பாள். அவன் போவான்.

பெரிய டாக்டர் ஒரு வாரம் பொறுக்கலாம் என்றார். சிரப் அன்றோடு நின்றது. அந்த ஆறு நாளும் தங்கபாண்டி வார்டு வராந்தாவிலேயே கிடந்தான். தப்பு தன் பேரில் இருக்க வேண்டும் என்று ஒரு மனுஷன் சாமி கும்பிடுவது உலகத்தில் நடக்காத காரியம். அவன் அப்படித்தான் கும்பிட்டான். தன் தப்பாக இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வாள். தன் தப்பாக இல்லையென்றால்தான் அந்த மற்றது.

ஏழாம் நாள் ரெனி காகிதத்தோடு வேகமாக வந்தாள். ரத்தத்தில் செம்பு இருக்க வேண்டியதில் கால் பங்குகூட இல்லை. துத்தநாகம் எல்லைக்கு மேலே.

"இப்போதைக்கு ஊசி வேண்டாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். செம்பு மருந்து அளந்து தருவோம். ரெண்டு வாரத்துல வெள்ளணு ஏறிச்சுன்னா இதுதான் காரணம்னு உறுதி."

வடிவு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தங்கபாண்டி வராந்தாவுக்குப் போய் நின்று அழுதான்.

அன்று மத்தியானம் கடைக்குப் போனான். வெங்கடகிருஷ்ணனிடம் நடந்ததைச் சொன்னான். சொல்லிக்கொண்டே மேல் தட்டிலிருந்து ஒரு செம்புக் குடத்தை இறக்கித் துடைத்தான்.

"என்னடா பண்றே?" என்றார் அவர்.

"பிள்ளைக்குத் தண்ணி ஊத்தி வைக்க, சாமி. நல்ல சரக்கு, சுத்தச் செம்பு."

"ஏன்டா பாண்டி, இப்பத்தானே ஒண்ணு பண்ணிட்டு வந்து நிக்கறே? அந்தப் பொண்ணு டாக்டர் இருக்காளோல்லியோ, அவகிட்ட கேட்டியோ?"

"இல்ல சாமி."

"அப்ப குடத்தை மேல வை. மொதல்ல கேளு."

குடத்தை வைத்தான். மறுநாள் காலையில் ரெனி வந்ததும் எழுந்து நின்று கேட்டான். அவள் சிரித்துவிட்டாள்.

"மறுபடியும் தொடங்கிட்டியளா?"

"கேக்கத்தான் செஞ்சேன் டாக்டர். குடுக்கல."

"கேட்டது நல்லது. வேண்டாம். குடத்துலேருந்து எவ்வளவு இறங்குதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செம்பும் கூடினா ஈரலக் கெடுக்கும். அளந்த மருந்து போதும். பின்னே எள்ளு, பயறு, நிலக்கடலை. மனுசன் தின்னத்தக்கது."

வடிவு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் அவனைப் பார்த்து நேராகப் பேசினாள். "கேட்டீங்களே, அந்த மட்டுக்கும் சரி" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் வெள்ளணு ஏறிற்று. வாய்ப்புண் ஆறியது. வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதம் ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார்கள். ரத்தம் ஏற இரண்டு மாதம் பிடித்தது. வடிவு ஹோட்டலில் சொல்லி மத்தியான வேலைக்கு மாற்றிக்கொண்டாள். காலையில் பிள்ளை அவள் கையில். மருந்துக் குப்பியை அலமாரியில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். ஸ்பூன் அவள் கையில்தான் இருக்கும். அவன் எட்டி நின்று பார்ப்பான். கையை நீட்ட மாட்டான். ஜெயஷீலா ஒருநாள் வந்து நடந்ததெல்லாம் கேட்டுவிட்டு, தன் வட்டாரத்தில் இப்படி வேறு வீடுகளிலும் சிரப் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்தாள். ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கபாண்டியையும் கூட அழைத்துக்கொண்டு போனாள். அவன் அந்த வீட்டு வாசலில் நின்று தன் கதையைச் சொன்னான். வெட்கமாகத்தான் இருந்தது. சொன்னான்.

நாலாவது மாதம் காட்டப் போனார்கள். அனுஷா தானே படியேறினாள். ரெனி ரத்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல் கேட்டாள்: "வேற என்ன குடுக்கிய பிள்ளைக்கு?"

வடிவு புருஷனைப் பார்த்தாள்.

தங்கபாண்டி ஆரம்பித்தான். "காலையில ரெண்டு இட்லி. அங்கன்வாடியில பயறு. சாமி வீட்டு எள்ளுருண்டை, திங்கக்கிழமை ஒண்ணு, நேத்து அரை. கோயில்ல குடுத்த தேங்காச் சில்லு. செம்பு மருந்து இவ அளந்து குடுக்கது. வேற மருந்து ஒண்ணும் இல்ல. பொறவு நேத்து சாயங்காலம் கிழக்கே கோட்டையில ஐஸ் ஒண்ணு."

"ஐஸா?" என்றாள் வடிவு. "சளி பிடிக்கிற பிள்ளைக்கு ஐஸா? எப்ப வாங்கிக் குடுத்தீங்க?"

"சொல்லத்தானே கேட்டாங்க."

"எங்கிட்ட சொல்லலியே!"

"இப்பச் சொல்லிட்டேன்ல."

ரெனி சிரித்துக்கொண்டே சீட்டில் எழுதினாள். செம்பு மருந்து இனி வேண்டாம், அளவு சரியாகிவிட்டது என்றாள். தங்கபாண்டி பையைத் திறந்து, பாதி மீதமிருந்த செம்பு மருந்துக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"இது வீட்டுல இருக்க வேண்டாம் டாக்டர்" என்றான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வடிவு ஐஸைப் பற்றி ஏசுவதைக் கேட்டபடியே படியிறங்கினான்.